பின்கதவுப் பள்ளம்

தெருவில் ஓடுகிற அதே நாலு கதவு கார்கள்தான். பின்சீட்டைப் பிடுங்கி உள்ளே இரும்புக் கூண்டு பொருத்திவிட்டால் தேசியப் பந்தயத்துக்குத் தயார். வளைவுக்கு வளைவு ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் ஓடும். ஓட்டுகிறவருக்குக் கைதட்டல். நசுங்கிய தகரத்தை நிமிர்த்துகிறவருக்கு அடுத்த தகரம். அணியில் நேரம் குறிப்பவள் அவள். அந்த வருடம் ஓட்டியவர் அவளுடைய கணவர். நிமிர்த்தியவர் அவளுடைய அண்ணன். பட்டறையில் எல்லாருக்கும் அவர் டிங்கர்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் தகரத்தைத் தொடுவார். உள்ளங்கையால் ஒரு தடவல், உள்ளிருந்து மரச் சுத்தியலால் நாலு தட்டு. கதவு அன்றுதான் வாங்கியது போல் ஆகிவிடும். இடித்தவர் எந்தப் பக்கமிருந்து வந்தார், தப்பு யார்மேல் என்பதையும் பள்ளத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதுதான் வினையானது. பருவத்தின் இரண்டாவது பந்தயத்தில் நடுவர் கேட்டபோது, "எங்க மாப்பிள்ளைதாங்க போய் இடிச்சாரு" என்று போட்டு உடைத்தார். புள்ளிகள் போயின. அன்றோடு கணவர் அவரிடம் பேசுவதை நிறுத்தினார்.

காருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் தூது அவள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கதவு கிறீச்சுன்னு கத்துது."

"எண்ணெய் போட்டாச்சும்மா. இப்ப கத்துறது கதவு இல்லன்னு சொல்லு."

கடைசிப் பந்தய நாள். இரண்டு ஓட்டம், நடுவே முக்கால் மணி நேரம். முதல் ஓட்டத்தின் கடைசி வளைவில் எதிரணிக்காரர் வந்து மோதி, மண்ணில் சுழன்று நின்றார். கணவர் முதலாவதாக வந்தார். கார் நின்றதுதான் தாமதம், அண்ணன் பாய்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் பக்கவாட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அப்போதுதான் எதிரணிக்காரர் தலைமை நடுவரோடு வந்தார். "முன்கதவு வரைக்கும் நான் வந்துட்டேங்க. இவருதான் வழியை அடைச்சாரு."

முன்கதவை எட்டிவிட்டவருக்கு இடம் விட்டாக வேண்டும். அதுதான் விதி. அடி முன்கதவில் என்றால் தப்பு கணவர்மேல். முதலிடமும் போகும், அந்த வருடத்துக் கோப்பையும் போகும். பின்கதவில் என்றால் வந்து மோதியவர்மேல். கேமராவில் புழுதிதான் தெரிந்தது.

"பள்ளம் எங்கப்பா?" என்றார் நடுவர்.

அண்ணன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். "எடுத்துட்டேங்க."

"சாட்சியையே தட்டி எடுத்துட்டு நிக்கிறாரு!" எதிரணிக்காரர் சிரித்தார். அவள் கையிலிருந்த நேரக் கடிகாரம் நிறுத்துவாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். கண்ணை மூடிப் பின்கதவைத் தடவினார். கீழ்ப்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்குக் கோடிழுத்தார். "இங்கதாங்க. சக்கரத்துப் பக்கம் ஆழம், முன்னால வர வர மெலிசு. பின்னாலேந்து வந்த அடி."

"அப்ப முன்கதவுல இந்தப் பக்கக் கண்ணாடி எப்படி உடைஞ்சது?" என்றார் எதிரணிக்காரர்.

அண்ணன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"அதுவா? மூணாவது சுத்துல எங்க மாப்பிள்ளை சுவத்துல போய் உரசினாரு. அவரா பண்ணிக்கிட்டது. பாருங்க, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணவர் பல்லைக் கடித்தார். நடுவர் கண்ணாடியை விரலால் சுரண்டிப் பார்த்தார். விரலில் வெள்ளை.

"சொந்த மாப்பிள்ளையவே அன்னிக்கு மாட்டிவிட்டவரு இவரு. இன்னிக்கும் விடல. இவரு பின்கதவுன்னா பின்கதவுதான்." புகார் தள்ளுபடியானது.

இரண்டாவது ஓட்டத்தில் நான்காவது இடம்தான். கோப்பைக்கு அது போதுமாயிருந்தது.

கோப்பையோடு கணவர் நேராகக் காருக்கு வந்தார். அண்ணன் கதவிலிருந்த சாக்குக்கட்டிக் கோட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இனிமே அடி பட்டா அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

நடுவில் நின்றிருந்த அவள், பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க சுவரைப் பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

அவள் வாயை மூடிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.