பாறையில் விரித்த வேட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கொடைக்கானலில் ஊர் ஓரத்து பங்களா ஒன்றில் என் வீட்டுக்காரர் தோட்டக்காரராக இருந்தார். பின்கட்டு வேலியோரம் நின்றால், வெகு கீழே பள்ளத்தில் நான் பிறந்த வெள்ளகவி தெரியும். போக ஒற்றையடிப் பாதைதான். கால் வைத்தால் கல் உருளும்.

நாலு ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு, வயசு போன காலத்தில் அப்பாவுக்குப் பிறந்தவள் நான். அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது முதுகில் சுமந்துகொண்டே மலையேறி ஆஸ்பத்திரியில் சேர்த்த மனுஷன் அவர். நாங்கள் அத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டில் கை வைப்பார். எனக்குக் கல்யாணமான பிறகு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆரஞ்சு மூட்டையோடு ஏறி வருவார். முதலில் என் வீட்டு வாசலில்தான் சுமையை இறக்குவார்.

எழுபதைத் தாண்டியதும் கால் ஒத்துழைக்கவில்லை. அப்போது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு காலையில் வீட்டுக்கு எதிரே உள்ள பாறையில் வெள்ளை வேட்டியை விரிப்பார். நாங்கள் சுகம் என்று அர்த்தம். பதிலுக்கு நான் என் சிவப்புச் சேலையை வேலியில் போட வேண்டும். மூடுபனி விலகும்வரை காத்திருந்து பார்ப்பாராம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது உண்டானபோது, மலைப்பாதையில் கால் வைக்கவே கூடாது, மனசும் அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வளைகாப்பும் கொடைக்கானலிலேயே நடந்தது. அம்மா வந்தாள், அண்ணன்மார் வந்தார்கள். அப்பா வரவில்லை. கால் வலி என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரே மகள் வளைகாப்புக்கு டோலி கட்டியாவது வந்திருக்கக் கூடாதா? அடுத்த ஞாயிறு கீழே வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. 'நல்லாத்தானே இருக்கார், தேடட்டும்' என்று சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் போடவில்லை.

மறுநாள் பெரியண்ணன் வந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லா இருக்கேல்ல புள்ள?" என்று கேட்டவன், காப்பிகூடக் குடிக்காமல் வெரசா இறங்கிப் போய்விட்டான். அந்த வாரமே என் வீட்டுக்காரர் ஏதோ சோலி என்று இரண்டு நாள் போய்வந்தார். கோபம் தணிந்து, மூன்றாவது ஞாயிறு சேலையைப் போட்டேன். கீழே வேட்டி விரிந்திருந்தது.

அடுத்த மாதம் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு மதினிதான் வந்தாள். "அத்தைக்குக் காச்சல், மாமா கூட இருக்காக" என்று அம்மாவும் அப்பாவும் வராததற்குக் காரணம் சொன்னாள். ஞாயிறு தவறாமல் வேட்டி மட்டும் தெரிந்தது. நாற்பது நாள் பொறுத்தேன். பேத்தியைப் பார்க்க வராத மனுஷனை நேரில் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். "இப்ப வேணாம்" என்று தடுத்துப் பார்த்த வீட்டுக்காரர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. ஊரே சாமி குடியிருக்கும் இடம், எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். மறந்துபோய்ப் போட்டு வந்தால் முதல் வீட்டு அத்தை வாயில் விழுந்து எழ முடியாது. அன்று இருந்த ஆத்திரத்தில் நான் செருப்போடுதான் நுழைந்திருக்கிறேன். அத்தை வாசலில்தான் நின்றாள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செருப்பை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வெறும் நெற்றியோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வளைகாப்புக்கு முன்பே நெஞ்சுவலியில் படுத்தவராம்.

"எம்மகளுக்குச் சொல்லாதீக, கேட்டா இந்தப் பாதையில ஓடியாந்துருவா, இந்தப் புள்ளையாவது தங்கட்டும்னாக. நான் போனாலும் அவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் வேட்டிய விரிங்கன்னு சத்தியம் வாங்கிட்டாகத்தா" என்று அழுதாள் அம்மா.

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன். "எஞ்சேலையப் பாத்தாகளா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "வாசல்லதான் கட்டில் கெடந்துச்சு. சேலையக் காணமே, சேலையக் காணமேன்னு ரெண்டு ஞாயிறும் பொலம்பினாக. பெரியவன் வந்து உன்னயப் பாத்துட்டு, நல்லா இருக்கான்னு சத்தியம் பண்ணுனான். அவுக நம்பல. நாம அவகிட்ட மறைக்கிற மாதிரி எங்கிட்டயும் மறைக்கிறீகளான்னு கேட்டாக. அதுக்குப் பெறகு வாயே தொறக்கல. மறுநா போயிட்டாக."

அப்பாவே வந்து பிறந்திருக்கிறார் என்று எல்லோரும் என் மகளைக் கொஞ்சினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எங்கள் எல்லோருக்காகவும் வாழ்ந்த மனுஷன், நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினார். வீம்புக்கு மடித்து வைத்த அந்தச் சேலையை அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு வேலியில் விரித்துப் போட்டேன். கீழே பார்க்கத்தான் ஆள் இல்லை.