ஞாயிற்றுக்கிழமை கேட்டவர்

அக்டோபர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழே கால் மணி. அண்ணனுக்காக ஆற்றி வைத்திருந்த கேழ்வரகுக் கஞ்சியின் மேல் பழுப்பு நிறத்தில் ஏடு படிந்திருந்தது. அதன் மாவு வாசனை கூடமெங்கும் நின்றது. அப்போது எனக்குப் பத்து வயது. எம். புதுப்பட்டியிலிருந்து ஆறு ஆண்டுகளாக முதல் பஸ்ஸில் சிவகாசிக்கு வந்துகொண்டிருந்த முத்துமாரி அக்கா அன்று வரவில்லை.

அண்ணனுக்குப் பதினான்கு வயது. பிறப்பிலேயே கைகால் விறைத்து, பேச்சு வராமல், தலை நிற்காமல் இருந்தவன். அவனைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது அனைத்தும் முத்துமாரி அக்காவின் வேலை. அப்பா பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் நடத்தினார். அம்மா அதன் ஆர்டர்களைக் கவனித்தார். எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பெயர் கிடையாது, "ஆள்" என்றே சொல்வோம். "ஆள் வந்தாச்சா?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்குக் கிளம்பும்முன் ஊட்டுவதை நாள்தோறும் பார்ப்பேன். அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, கரண்டியைக் கீழுதட்டில் வைத்துவிட்டு அக்கா காத்திருப்பார். அவனாகவே வாய் திறப்பான். ஒருமுறை விழுங்கினால் போதாது, இரண்டாவது விழுங்கலும் தொண்டையில் ஏறி இறங்கிய பிறகே அடுத்த கரண்டி. ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் பஸ்ஸில் நடந்ததெல்லாம் வந்துவிடும். "பஸ்ல கூட்டம், கண்டக்டர் எறங்குங்கிறான் தம்பி. ஏலே, எங்க தம்பி பசியா இருப்பாக, வேணும்னா நீ எறங்கிக்கோன்னுட்டேன்." அண்ணன் சிரிப்பான். சிரித்து முடியும்வரை கரண்டி எழாது.

வராமல் போன அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை அக்கா ஒன்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் விட்டுருங்கம்மா. இடுப்பு ஒடியுது."

"ஞாயித்துக்கெழமை அவனுக்குப் பசிக்காதா?" என்றார் அம்மா, கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே.

"பசிக்கும்மா. அன்னைக்கு நீங்க இருக்கீகள்ல?"

"தீபாவளி சீசன் முடியட்டும், பாப்போம்."

"ஆறு சீசன் முடிஞ்சிருச்சும்மா."

அக்கா தம் ஊர்ப் பட்டாசு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகத் திங்கள் மாலை தெரிந்தது. அங்கே ஞாயிறு விடுமுறை. "வீட்டு வேலையை விட்டுட்டு வெடிமருந்து வேலைக்கா போனா!" என்று அம்மா வியந்தார். அப்பா, "ஆள் கெடைக்காமலா போயிரும்?" என்றார்.

கிடைத்தார்கள், பதினைந்து நாளில் மூன்று பேர். அவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். ஊட்டுவதில் சொல்லித்தர ஏதோ இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை, ஆகவே அவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. மூன்றாமவர் அண்ணனின் தலையைப் பின்னால் சாய்த்து வேகமாக ஊட்டினார். கஞ்சி நுரையீரலுக்குள் போயிற்று.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்ல எப்படி ஊட்டுவீங்க?" என்று கேட்டார். "ஆள்தான் ஊட்டும்" என்றார் அம்மா. தாடை, கீழுதடு, இரண்டாவது விழுங்கல் என்று நான் வரிசையாகச் சொன்னேன். "ஒனக்குத் தெரியுமா?" என்று அம்மா திரும்பிப் பார்த்தார். தெரியும். தெரிந்தும் பதினைந்து நாள் சொல்லாமலிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. இதைவிடப் பொருத்தமான காரணம் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு நடுப்பகலில் அம்மாவும் நானும் எம். புதுப்பட்டிக்குப் போனோம். தெருக்குழாயடியில் ஒரு பெண், "என்ன, முதலாளியம்மாவே வேலைக்கு ஆள் லோடு ஏத்த வந்துட்டீகளா?" என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன அவர் மகளிடம், "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பின் அக்கா எழுந்து வந்தார்.

"ஞாயித்துக்கெழமை லீவு எடுத்துக்கோ முத்துமாரி. வந்துரு." அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

"அது கெடக்கட்டும். தம்பிக்கு என்னாச்சு?"

சொன்னோம். முகம் கழுவிக்கொண்டு எங்களுடனேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணனின் மூக்கில் குழாய் இருந்தது. அக்கா தம் விரலை அவன் கீழுதட்டில் வைத்துக் காத்திருந்தார். வாய் திறக்கவில்லை. அதன்பின் வீட்டிலும் மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தார். விழுங்கும் திறன் திரும்பவில்லை. குழாயை வயிற்றுக்கு மாற்றினார்கள்.

ஞாயிறுகள் தவிர மேலும் ஏழாண்டுகள் எங்களுடன் இருந்து, முதுகு ஒத்துழைக்காமல் போனபோது அக்கா நின்றுகொண்டார். இப்போது பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் முறைவைத்து வருகிறார்கள். பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். குழாய்க்குப் பத்து நிமிடம் போதுமானதால் காலைநேரம் வீட்டில் மிச்சமாகிறது. அண்ணன் வாயில் எந்தச் சுவையும் படுவதில்லை. அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது எப்போதென்று நினைவில்லை.

நான் மதுரையில் இலக்கியம் படிக்கிறேன். சென்ற சனிக்கிழமை வீட்டில் இருந்தபோது, வேலை முடித்துக் கிளம்பிய, அந்த இருவரில் ஒருவரான ஜெயராணி அக்காவிடம் அம்மா, "நாளைக்கு ஒரு கல்யாணம். நாளைக்கு மட்டும் வந்துரு ஜெயராணி" என்றார். அவர் செருப்பில் காலை நுழைக்காமல் நின்றார்.

"நீங்க போங்கக்கா, நான் இருக்கேன்" என்றேன். ஜெயராணி அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அண்ணனைத் துடைத்து, உடை மாற்றி, நிமிர்த்தி உட்காரவைத்து, குழாயில் முதலில் வெதுவெதுப்பான நீரையும் பிறகு கஞ்சியையும் மெல்ல விட்டேன். கருவிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவின் பட்டுப் புடவைக்குக் கொசுவம் மடித்துக் கொடுத்தேன். அம்மா கிளம்பினார். எட்டு மணிக்கு அண்ணனை இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்தேன்.