உடைக்க ஒன்று, ஆட ஒன்று

என்னிடம் இரண்டு கேரம் ஸ்ட்ரைக்கர்கள் இருந்தன. ஆட்டம் தொடங்கும்போது நடுவில் அடுக்கியிருக்கும் காய்களை உடைத்துக் கலைக்கக் கனமான ஒன்று. அதன் பிறகு காய்களைக் குழியில் தள்ள லேசான ஒன்று. கனமானது தந்தம். காரைக்குடியில் பெரிய வீடுகளின் பழைய சாமான்கள் விலைக்கு வரும் ஒரு கடையில் வாங்கியது. பழுப்பேறி, வயதானவரின் பல் மாதிரி இருக்கும். லேசானது எந்தக் கடையிலும் கிடைக்கிற பிளாஸ்டிக். இரண்டையும் பஞ்சில் சுற்றிப் பல்பொடி டப்பாவில் வைத்திருந்தேன். என் கல்யாணத்துக்கு எடுத்த மோதிரத்தைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் திருப்பத்தூரில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. ஆணி கேட்டால் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். வேறு எதைக் கேட்டாலும் முதலாளியின் முகத்தைப் பார்ப்பேன். அப்படிக் கூச்ச சுபாவம். கேரம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். குனிந்த தலை நிமிராமல், வாயைத் திறக்காமல், நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சாயங்காலம் ஆடுவோம்.

நன்றாக ஆடினேனா என்று கேட்டால், நன்றாக உடைத்தேன். தந்தத்தை வைத்து ஒரு சுண்டு சுண்டினால் காய்கள் மூலைக்கு ஒன்றாகச் சிதறும். பார்க்க அழகாக இருக்கும். சிதறிய காய்களை எதிரே இருப்பவர் வரிசையாகப் போட்டுக்கொள்வார். எனக்கு முறை வந்தால் எந்த ஸ்ட்ரைக்கரை எடுப்பது என்பதே பெரிய யோசனையாகிவிடும். தூரத்துக் காய்க்குக் கனம் நல்லதா, குழி ஓரத்துக் காய்க்கு லேசு போதுமா என்று ஒன்றை எடுத்துக் கோட்டில் வைப்பேன், கண்ணைச் சாய்த்துப் பார்ப்பேன், திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு மற்றதை எடுப்பேன். லாரிக் கிளீனர் ஒருவர் நான் யோசிக்கும் நேரத்தில் ஒரு பீடியை முழுதாகக் குடித்து முடித்துவிடுவார். கடைசியில் எதை எடுத்தாலும் காய் விழாது. தவறான ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் பெண் எடுத்தேன். கல்யாணத்தில் நான் எதுவும் பேசவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் காதுபடவே, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று விசாரித்தார். அதற்கும் என் அம்மாதான் பதில் சொன்னார்கள். அந்த வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. நான் உட்கார்ந்தால் மின்விசிறி என் பக்கம் திரும்பும். நான் வந்தால் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள். என் மனைவியின் அண்ணன்மார் இருவரும் அவர்களுக்குள் அடித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன் ஆகவேண்டும் என்பது மட்டும்தான் ஆசை. அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தலை தீபாவளிக்குப் போனபோது அந்த வீட்டில் கேரம் போர்டைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் பல்பொடி டப்பா இருந்தது. தலை தீபாவளிக்கு வேறு எந்த மாப்பிள்ளையும் அதைக் கொண்டுபோயிருக்க மாட்டான்.

அன்று நான் ஜெயித்தேன். பெரிய மச்சானை ஜெயித்தேன், சின்ன மச்சானை ஜெயித்தேன், மறுபடி பெரியவரை ஜெயித்தேன். குழியின் வாயிலேயே நிற்கும் காயைப் பெரிய மச்சான் தவறவிட்டார். என் உடைப்பைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்று நினைத்தேன். சின்னவர் ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதைத் தக்கவைக்க அடுத்துப் போடவேண்டிய ஃபாலோ காயைப் போட முடியாமல் தலையைச் சொறிந்தார். எப்போது கனத்தை எடுக்கவேண்டும், எப்போது லேசை எடுக்கவேண்டும் என்று பெரியவர் மரியாதையாகக் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. எனக்குப் பேச்சு வந்துவிட்டது. இரண்டையும் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்ததிலிருந்து, பவுடர் எவ்வளவு போட்டால் எது எவ்வளவு ஓடும் என்பது வரை பேசினேன். வெள்ளைப் பணியாரம் ஆறிப்போனது. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். மச்சான்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு பேசியதில்லை.

பொங்கலுக்குப் போனபோதும் அதே கதைதான். அப்போது அந்தத் தெருப் படிப்பகத்தில் இரட்டையர் கேரம் போட்டி வைத்திருந்தார்கள். மச்சான்கள் இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. நான் நடுவில் புகுந்து, வேண்டுமானால் பெரிய மச்சானோடு நான் சேர்ந்து ஆடுகிறேன் என்றேன். நானாக ஒன்றைக் கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பெரியவருக்குக் காபி புரையேறியது. சின்னவர் சுவரைப் பார்த்தார். "அதுக்கென்ன மாப்பிள, ஆடலாம்" என்றார் பெரியவர். இருமல் நிற்கச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் மற்றவர்கள் கடைவீதிக்குப் போயிருந்தபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். போட்டிக்குப் போகவேண்டாம் என்றாள். கண்ணேறு படும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்து, நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

"சிரிக்காதீக. அண்ணனுக ஒங்களை ஜெயிக்க விடுறாக."

நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

"தலை வருசம் மாப்பிள்ளை இந்த வீட்டுல எதுலயும் தோத்துட்டுப் போகக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காக. எங்க அக்கா வீட்டுக்காரருக்கும் அப்படித்தேன் செஞ்சாக. அவுக சீட்டாட்டம். நீங்க கேரம்."

நம்பவில்லை என்று சொன்னேன். அவள் போர்டை இழுத்துப் போட்டாள். "எங்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. நான் விட மாட்டேன்."

டப்பாவை அவளிடம் நீட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மேலாக இருந்த தந்தத்தை எடுத்தாள். அது உடைப்பதற்கு மட்டும்தான் என்று விளக்கினேன். "அப்படியா" என்றாளே தவிர, கீழே வைக்கவில்லை. ஆட்டத்தை நான்தான் தொடங்கவேண்டும். அதனால் உடைப்பதற்காக அதை அவளிடம் இரவல் வாங்கி, உடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அருமையான உடைப்பு. எல்லாக் காயும் தனித்தனியாக நின்றது. எனக்கு ஒன்றும் விழவில்லை.

அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள். அது பொங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. லேசான ஸ்ட்ரைக்கரை எடுக்க எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, "இப்பச் சொல்லுங்க, போட்டிக்குப் போறீகளா?" என்றாள்.

போனால் பெரிய மச்சானின் மானம் தெருவில் போகும். போகவில்லை என்றால் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். யோசித்து யோசித்து, ஆள்காட்டி விரலில் நகச்சுற்று என்று சொன்னேன். மாமியார் பதறிப்போய் ஓர் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு, மஞ்சளும் உப்பும் வைத்து என் விரலில் மாட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை போட்டியையாவது பார்க்கட்டும் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குசலம் விசாரித்தார்கள். நான் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டினேன். மச்சான்கள் இருவரும் படிப்பகத்தின் பொது ஸ்ட்ரைக்கரிலேயே உடைத்து, அதிலேயே ஆடி, ஜெயித்தார்கள். பெரியவர் ஆடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தலை தீபாவளியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது வேறு யாரோ.

என் மனைவி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓரிரு தடவை போனபோது அவர்கள் தோற்றுக்கொடுத்தார்கள், நான் ஜெயித்துக்கொண்டேன். தெரிந்துகொண்டு ஜெயிப்பது மகா கஷ்டம். குழி வாயில் நிற்கும் காயை அவர் விட்டுவிட, என் காயை நானும் விட்டுவிட, பிறகு அவர் இன்னொரு தடவை விட வேண்டியிருக்கும். ஆட்டம் முடிவதாகவே இருக்காது.

அடுத்த தீபாவளி வந்தது. தலை வருசம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது பல்பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். தோற்றுவிடுவோம் என்ற பயம் இல்லை. இந்தத் தடவையும் ஜெயிக்க விட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான். அப்படி விட்டால், நான் ஆயுசுக்கும் அந்த வீட்டுக்கு விருந்தாளிதான்.

சாப்பிட்ட பிறகு பெரிய மச்சான் போர்டைத் துடைத்தார். மாமனார் பேப்பருக்குள் இருந்தார். மனைவி கதவோரம் நின்றாள். நான் தந்தத்தை எடுத்து உடைத்தேன். காய்கள் சிதறின.

பெரிய மச்சான் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். முதல் காய் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். குழி வாயில் ஒரு காய் நின்றது. அவர் மெல்லத் தட்டினார். உள்ளே போனது. அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. ரெட், ஃபாலோ, மிச்சம் எல்லாம். நான் போடவேண்டிய காய்கள் அப்படியே இருந்தன.

"மாப்பிள, நல்லா உடைச்சுக் குடுத்தீக. இதுக்கு ஒங்களுக்குக் கூலியில்ல குடுக்கணும்" என்றார் பெரியவர்.

சின்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னை வைத்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. பேப்பர் அசைந்தது. மாமனார் முகம் தெரியவில்லை.

"குடுங்க, வேணாம்னா சொன்னேன்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அந்த வீட்டு வழக்கப்படி தோற்றவர் எழுந்து இடம் விடவேண்டும். ஒரு வருடமாக நான் எழுந்ததில்லை. பெரியவர் என் முழங்காலில் தட்டினார்.

"எந்திரிங்க மாப்பிள, அங்குட்டுத் தள்ளி உக்காருங்க. தோத்தவுகளுக்கு இங்க என்ன வேலை. ஏத்தா, நீ வா, இவருக்குப் பதிலா ஒக்காரு."

என் மனைவி வந்து உட்கார்ந்தாள். நான் நகர்ந்து சின்ன மச்சானுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று அந்தப் பக்கம் வரவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போடாமலே கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார்.