உறங்கும் இடமே ஊர்

தங்கலெட்சுமி அக்கா இறந்த செய்தி கைபேசியில் வந்தபோது நான் நாகர்கோவிலில் ஒரு திட்டக் கூட்டத்தில் இருந்தேன். பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் புதிய அங்கன்வாடிகளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இப்போது குழந்தைகள் இருக்கின்றன. செய்தியைச் சொன்னேன். கூட்டம் நிற்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், புள்ளியியல் ஆய்வாளரான அக்கா இனிக்கப் பேசுகிறவர் அல்ல. கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டக் குடியிருப்பு அங்கன்வாடி கேட்டிருந்தது. பெண்கள் விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போவார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்தார்கள். போதிய குழந்தைகள் இல்லை என்று மனு திரும்பி வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். முற்றமெல்லாம் குழந்தைகள். எண்ணிக்கையைக் கூட்டி எழுதி அனுப்புவோம் என்றேன்.

"பொய்யா எழுதி வாங்குனத, நேரா எண்ணிப் புடுங்கிட்டுப் போவானுவ மக்கா. இருக்கத எழுதுனாலே போதும்" என்றார் அக்கா.

இருந்ததை எழுதி அனுப்பினோம். மக்கள்தொகைக் கணக்கில் உள்ளதுதான் செல்லும் என்று பதில் வந்தது. கணக்கெடுக்க வந்தவர்களிடம் பாதிக் குடும்பங்கள் சொந்த ஊரின் பேரைச் சொல்லியிருந்தன. ரேஷன் கார்டு அங்கே இருந்தது; பேர் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம். அடுத்த கணக்கெடுப்போ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. லீவு நாட்களில் அக்கா எஸ்டேட் பஸ் ஏறிப் போய், அடுத்த கணக்கெடுப்பில் இந்தக் குடியிருப்பின் பேரையே சொல்லுங்கள் என்று அந்தப் பெண்களிடம் பேசத் தொடங்கினார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது.

பால்வெட்டும் கனகம் ஒருநாள் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "இங்க கெடந்து ஒறங்குகோம், அவ்வளவுதான். இத ஊருன்னு நாங்க சொல்லுகதில்ல."

"கார்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க ஒறங்குதியோ அதான் ஏட்டி உன் ஊரு. நீ இல்லன்னு சொன்னா, உன் பிள்ளையும் இல்லன்னுதான் அவனுவ எழுதுவானுவ."

கனகம் பால்வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதிய கணக்கெடுப்புக்கு முன்பே அக்கா போய்விட்டார். அங்கன்வாடி இன்னும் வரவில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் இன்றும் வீட்டில்தான் இருக்கிறார்கள். புதிய கணக்கு வரும்வரை அவர்களுக்கு வயது ஏறாமல் நிற்குமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மயிலாடியில் அக்காவின் வீட்டு வாசலுக்குக் கனகமும் மற்ற பெண்களும் அன்றைய பால்வெட்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று உறவுக்காரர் ஒருவர் விசாரித்தார். கனகம் சொந்த ஊரைச் சொல்லவில்லை.

"கீரிப்பாறைக்கு மேல, தோட்டத்துக் குடியிருப்பு" என்றாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பதில்தான்.