தரை வழியாக வரவேண்டிய நேரம்

வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கும் செல்போன் டவர்களைப் பராமரிப்பது என் வேலை. டவருக்குத் துல்லியமான நேரம் வேண்டும். பக்கத்து டவரோடு இம்மியளவு பிசகினாலும் ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கே விழும். அந்த நேரத்தை உச்சியிலுள்ள சின்ன ஆன்டெனா செயற்கைக்கோளிலிருந்து வாங்கித் தருகிறது. அது கிடைக்காமல் போகும் நாளுக்காக, மண்ணுக்கடியில் ஓடும் கேபிள் வழியாகவும் கோயமுத்தூரிலிருந்து நேரம் வரும்படி மாற்று ஏற்பாடு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, தரைவழி நேரத்தில் டவர் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

நான் சோதித்ததில்லை. படிவத்தில் 'சரி' என்று டிக் அடித்துவிடுவேன். தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் கொப்பரைக் களத்தை ஒட்டிய ஒரு டவரில் மாற்று ஏற்பாடே இல்லை. தரைவழி நேரத்தை வாங்கும் அதன் கார்டை வேறொரு டவருக்கு அவசரத்துக்குக் கழற்றிப்போனவன் நான்தான். அடுத்த வாரம் புதிது போடலாம் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் 'சரி'.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த டவரில் செயற்கைக்கோள் நேரம் கிடைக்கவில்லை என்று என் போனுக்குத் தகவல் வந்தது. அப்போது அவிநாசியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தேன். டவருக்குள் இருக்கும் கடிகாரம் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தபோது டவர் நின்றுபோயிருந்தது. அந்த ஊரில் எந்த சிம் போட்டாலும் அந்த ஒரு டவர்தான்.

நான் போய்ச் சேர பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. வேலியோரம் ஒரு லாரி நின்றது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சிகரெட் லைட்டர் ஓட்டையில் விரல் அளவுக் கறுப்புக் கருவி ஒன்று செருகியிருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரியாமலிருக்க, செயற்கைக்கோள் சிக்னலை மறைக்கும் கருவி. அதைப் பிடுங்கிய சில நிமிடங்களில் ஆன்டெனாவுக்கு உயிர் வந்தது.

"மூணு நாளா தூங்கலைங்க. வண்டி நின்னா முதலாளி போன் போட்டுட்டே இருப்பாருங்க. டவருக்கு ஆகாதுன்னு சத்தியமாத் தெரியாதுங்க," என்றார் விழித்துக்கொண்ட டிரைவர்.

களத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் கத்தினேன். அவ்வளவு சத்தம் நான் போட்டதே இல்லை.

அப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். மதியம் அவர் கணவர் வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். டவர் நின்ற பிறகு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் ரோட்டுக்கு ஓடி ஒரு பால்வண்டியை நிறுத்தி தாராபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். மாற்றுத்துணி எடுக்க வந்தவருக்கு யாரோ லாரியைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள்.

"கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரே! உனக்கு நாங்க என்ன பாவம் பண்ணுனோம்? நீயெல்லாம் மனுசனா?" என்று டிரைவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "லீவு நாள்லயும் ஓடி வந்தீங்களே தம்பி, நல்லா இருக்கோணுங்க," என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலமே வெள்ளகோவிலிலிருந்து கார்டு கொண்டுவந்து மாட்டினேன். அறிக்கையில் லாரியை மட்டும் எழுதினேன். டிரைவருக்கு வேலை போனது.

பத்து மாதம் கழித்துத்தான் என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் தந்து, என் எல்லா டவர்களிலும் தானே முன்னால் நின்று வயரைக் கழற்றிச் சோதிக்கச் செய்தார். வேறு இரண்டு டவர்களிலும் தரைவழி நேரம் வரவில்லை. அவற்றுக்கும் நான் 'சரி' போட்டிருந்தேன்.

அதன் பிறகு களத்தில் அந்த அம்மா குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கார்டைக் கழற்றியது, படிவம், பந்தியில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தக் கார்டு இருந்திருந்தா அந்த லாரி நின்னும் போன் போயிருக்குங்களா?" என்று கேட்டார்.

"போயிருக்குங்க."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த மனுசனை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டனுங்களே. சட்டையைப் புடிச்சுப்போட்டேனே," என்றார். "அவரு எந்த ஊருங்க?"

தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை. அறிக்கைக்காக அன்று அவரிடம் வாங்கிய நம்பர் மட்டும் என்னிடம் இருந்தது. அந்த அம்மா அதற்குப் போன் போடச் சொன்னார். டிரைவர் எடுத்ததும், "ஏனுங்க, அன்னிக்குக் களத்துல உங்களை வஞ்சு, சட்டையைப் புடிச்சேனுங்களே, அந்த அம்மா பேசறேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார். நான் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க," என்று போனை என்னிடம் நீட்டினார்.

சொன்னேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. டிரைவர் குறுக்கிடாமல் கேட்டார். வேலை போனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அந்த அண்ணனுக்கு உடம்பு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிலைப் பார்த்தேன். "வலது கையை இன்னும் தூக்க முடியலைங்க," என்றேன்.