திரைமேல் துண்டு போட்டுப் பாடம் கேட்டவர்

ஞானசேகரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அயனம்பாக்கம் ஏரியோரம் வண்டியை நிறுத்தி, எடுத்தவுடனே சண்டைக்குப் போனேன். நான் எழுதிய பாடம் ஒன்று மூன்று வாரமாக அவர் மேசையில் கிடந்தது. “என்ன சார், இன்னிக்காவது முடிச்சுத் தருவீங்களா, இல்ல அடுத்த பொங்கலுக்கா?” என்றேன். பேசியது அவர் மனைவி. “மேடம், நான் மல்லிகா. அவரு போய்ட்டாரும்மா. காலைல எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு, நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்.” அந்த அம்மாவிடம் நான் முதலில் பேசிய வார்த்தையை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் கணினியையும் கைப்பேசியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்கு இணையவழியில் சொல்லிக்கொடுப்பது அம்பத்தூரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. பாடங்களை எழுதுவது நான். அவை தேறுமா தேறாதா என்று மதிப்பிடுவது அவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு மூக்கு மேல் கோபம். கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த அவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே சேர்ந்து வேலை செய்த எட்டு வருஷமும் சண்டை போட்டது நான் ஒருத்திதான்.

ஒவ்வொரு பாடத்தையும் மூன்று சுற்று பார்ப்பார். முதல் சுற்றில், பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திரையை மூடிவிட்டு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டபடியே பயிற்சிகளைச் செய்வார். இரண்டாவது சுற்றில் துண்டு போய்விடும், காது கேளாதவர்களுக்காக ஒலியும் போய்விடும். மூன்றாவது, கை சரிவர இயங்காதவர்களுக்காக; மவுஸ் கிடையாது. விசைப்பலகையில் ஒரே ஒரு விரல். ‘துண்டு சார்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி இரண்டு மாதம் உழைத்து நான் எழுதிய முதல் பாடத்தை அவர் தேறவில்லை என்று திருப்பியபோது, நேரே அவர் மேசைக்குப் போய் நின்றேன். அவர் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “படம். படம். படம். அடுத்து” என்றது அது. நான் தேடித் தேடிச் சேர்த்த புகைப்படங்கள்! எதற்கும் விளக்கமாக ஒரு வரி எழுதியிருக்கவில்லை. “மேடம், பாடம் நல்லாத்தான் கீது. யாருக்கு நல்லா கீதுன்றதுதான் கேள்வி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “சார், இது பிள்ளைகளுக்கு இல்ல, டீச்சருக்கு. டீச்சருக்குக் கண் தெரியும்ல?” என்று கத்தினேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே, “என் ஊட்டுக்காரி டீச்சருதான் மேடம். அவங்களுக்குக் கண்ணு தெரியாது” என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாப் படத்துக்கும் விளக்கம் எழுதினேன்.

இன்னொரு பாடத்துக்கு ஆசிரியர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நான் தலைகால் புரியாமல் இருந்தேன். அவரோ என்னையும் கூட்டிக்கொண்டு பட்டாபிராமுக்கு ரயிலேறி, அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய ஓர் ஆசிரியையின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். பேச்சு வராத சிறுமி ஒருத்திக்கு, படத்தைத் தொட்டால் அவளுக்காகப் பேசும் டேப்லெட் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. அது எங்கே என்று கேட்டார். “பீரோவுல பத்திரமா இருக்கு சார். ஒடஞ்சிடுச்சின்னா நாங்கதான பதில் சொல்லணும்?” என்றார் ஆசிரியை. ஞானசேகர் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது என்னிடம்தான் சொன்னார்: “டீச்சர் பாஸு. பொண்ணுக்கு இன்னா கெடச்சிது? நம்ம பாடம் ஃபெயிலு மேடம்.” பிறகு அந்தப் பாடத்தின் கடைசிக் கேள்வியை, ‘நாளைக் காலை பீரோவிலிருந்து எதை வெளியே எடுப்பீர்கள்?’ என்று மாற்றினேன்.

இதெல்லாம் கற்றுக்கொண்டவள்தான் நான். அவர் இறந்த மூன்றாம் நாள், ஆளாளுக்கு அனுப்பிய படங்களில் பதினொன்றைப் பொறுக்கி, இணையத்தில் ஓர் அஞ்சலிப் பக்கம் செய்து, எல்லோருக்கும் அனுப்பினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அழுதோம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் கழித்து மல்லிகா அழைத்தார். “மேடம், அவரப் பத்தி ஏதோ போட்டுக்கீறீங்களாமே. போன்ல தடவித் தடவிக் கேட்டேன். படம் படம்னே சொல்லிகினு கீது. பதினோரு தடவ எண்ணிட்டேன். அந்தப் படத்துலல்லாம் அவரு எப்டிக் கீறாரு?” குற்றம் சொல்லும் குரலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக் கள்ளிக்குப்பம் போனேன்.

மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதி, படித்துக் காட்டினேன். ‘ஞானசேகர் சிரிக்கிறார்’ என்று முதல் வரி. “எப்டிச் சிரிக்கிறாரு? பல்லு தெரியுதா? எங்கிட்ட சத்தமே வராம சிரிப்பாரு, தோளு குலுங்கறத வெச்சித்தான் கண்டுபிடிப்பேன்” என்றார். மறுபடி உற்றுப் பார்த்தேன். தோள் ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. எட்டு வருஷம் எதிரில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. ஏழாவது படத்தில் துண்டு. “நீலக் கட்டம் போட்ட துண்டால் திரையை மூடுகிறார்” என்று படித்தேன். “நீலமா? பச்சைன்னாரே! நான் பச்சதான் வாங்கியாரச் சொன்னேன். கடைல இல்லன்னு சொல்றதுக்கு பயந்துகினு, இத்தினி வருஷம் ஏமாத்திகினு கீறாரு பாரு” என்று சிரித்தவர், அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, “நீலம்னே இருக்கட்டும் மேடம். உள்ளத உள்ளபடி போடுங்க. அவரு அதத்தான கேப்பாரு?” என்றார். கிளம்பும்போது அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் ஞானசேகரின் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, மூன்று வாரமாகக் கிடந்த என் பாடத்துக்கான மதிப்பீட்டுத் தாள் இருந்தது. இரண்டு சுற்று நிரப்பியிருந்தார். மூன்றாவது சுற்றும் முடிவும் காலி. மேலதிகாரி, “நீங்களே தேறியதுன்னு போட்டு அனுப்பிடுங்கம்மா, நாளாகுது” என்றார். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஞானசேகரின் நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையில் ஒரு விரலால் ஆரம்பித்தேன். நான்காவது பயிற்சி, மவுஸால் படங்களை இழுத்துப் பொருத்துவது. எவ்வளவு முயன்றும் என் விரலால் ஒரு படத்தைக்கூட நகர்த்த முடியவில்லை.

ஞானசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நீலத் துண்டும் இந்த மூன்று சுற்றும்தான். அந்தத் தாளில் ‘தேறவில்லை’ என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன்.