சுழல் நாற்காலியும் கல்யாண வாழ்த்தும்

நாற்பதைத் தாண்டிய வயதில், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, நான் ஒரு நாற்காலியிடம் மனத்தைப் பறிகொடுத்தேன். வெளியில் சொல்லக் கூடாத விஷயம்தான். ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை நான் ஒருவன் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அது சுழலும் நாற்காலி. மல்லசமுத்திரத்தில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, காப்பிக் கிளப்பை ஒட்டினாற்போல, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சலூன் திறந்தார். உட்கார்ந்தால் அமுங்கும், மிதித்தால் உயரும், தட்டினால் திரும்பும் நாற்காலி. எதிரும் புதிருமாக இரண்டு நிலைக்கண்ணாடிகள். என் பின்மண்டையை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அதுவரை அதைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

சலூனுக்கும் காப்பிக் கிளப்புக்கும் பொதுச் சுவர். அதில் ஒரு ஜன்னல். முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த ஜன்னல் வழியாகக் காப்பி வரும். உதட்டில் பட்டது காப்பியின் நுரையா சோப்பின் நுரையா என்று சில நாள் தெரியாது. இரண்டுக்கும் ருசி வித்தியாசம் அதிகம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஆனாலும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, உலகத்தை அரைவட்டம் சுற்றிப் பார்த்தபடி குடிக்கிற காப்பிக்கு ஈடு உண்டா?

பத்திரிகையும் உண்டு. சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் அந்த ஒரே பத்திரிகையைச் சலூன்காரர் தாள் தாளாகப் பிரித்துக் காத்திருப்பவர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார். ஒரு கொலை வழக்கின் தொடக்கம் என் கையில் இருக்கும். தீர்ப்பு அரிசி மில்காரர் கையில் இருக்கும். அவர் உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படிப்பவர். முழுச் சவரம் முடிந்து பவுடர் போட்டு இறங்கின பிறகும் கொலைகாரன் தூக்கில் போடப்பட்டானா விடுதலையானானா என்று தெரியாமல் நான் எத்தனையோ நாள் வீடு திரும்பியிருக்கிறேன். கேட்டால், "இன்னும் அங்க வரலீங்க, நில்லுங்க" என்பார். இந்த எரிச்சலுக்காகவே மறுவாரமும் போனேன் என்றால், அதுதான் காதல் என்பது.

இதற்கு முன்னால் என் தலையும் தாடையும் எங்கள் ஊர்க் குடிமகனின், அதாவது ஊர் நாவிதரின், பொறுப்பில் இருந்தன. சாவடிக்கு எதிரே வேப்ப மரம், அதன் அடியில் ஒரு தட்டைக் கல். அந்தக் கல்லில் குந்தினால் அவர் நம் மூக்கைப் பிடித்துத் தலையைத் தமக்கு வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்வார். நாற்காலி சுழல்வதில்லை, கழுத்துதான் சுழலும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரிடம்தான் மூக்கைக் கொடுத்துவந்தேன். சலூன் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சொல்லிவிட்டுப் போக அது என்ன தீர்த்த யாத்திரையா?

இப்படிச் சுகமாக நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்த காலத்தில் என் பெண்ணுக்கு இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு ஆட்டையாம்பட்டிப் பக்கம். நிச்சயமும் ஆயிற்று. காரியங்களைப் பார்க்க என் மனைவியின் அண்ணன் வந்து இறங்கினார். நான் சலூனிலிருந்து திரும்பி வாசலில் கால் வைக்கிறேன், அவர் மூக்கை உறிஞ்சினார்.

"வாங்க மாப்ளே. நீங்க வர்றதுக்கு மின்னாடியே பவுடர் வந்து குந்திக்கிச்சு."

சிரித்து வைத்தேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

"ஆமா, கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாடறது யாரு? அந்தச் சலூன்காரரா?"

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம். கல்யாணப் பந்தலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்த்துப் பாடுவது ஊர்க் குடிமகன்தான். நீளமான வாழ்த்து. பரம்பரையாக அவருக்கு வாயில் இருப்பது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மேளம் ஒரு தட்டுத் தட்டி ஓயும். வேறு எவ்வளவு பெரிய வித்துவான் வந்து பாடினாலும் அது பாட்டுக் கச்சேரியாகுமே தவிரக் கல்யாணம் ஆகாது.

"ஏன், நம்ம குடிமகன் இல்லியா?" என்றேன்.

"இருக்கறாரு. அவரு ரோசக்காரரு மாப்ளே. சவரத்துக்கு ஒருத்தரு, வாழ்த்துக்கு ஒருத்தருன்னா வந்து நிப்பாருங்கறீங்களா? நானா இருந்தா வரமாட்டேன்."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி வாசற்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க, அண்ணன் சொல்றது நெசமா? சம்பந்தி எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? போன வருசம் அவுங்க பங்காளி ஊட்டுக் கல்யாணத்துல வாழ்த்தப் பாதியில நிறுத்திட்டாங்கன்னு இலையில குந்தாம எந்திரிச்சு வந்துட்டாராம். நம்ம புள்ளைய அந்த ஊட்டுக்குத்தான் அனுப்பறோம். காலத்துக்கும் சொல்லிக் காட்ட மாட்டாங்களா?"

பெண் உள்ளே நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தமும் நின்றது. ஒரு வீட்டில் இத்தனை சத்தம் ஒரே சமயத்தில் நின்றால் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு நல்லதல்ல.

யோசித்துப் பார்த்தேன். சமீபத்தில் நான் சாவடிப் பக்கம் போகும்போதெல்லாம் குடிமகன் என்னைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து தீட்டுக்கல்லை எடுத்துக்கொள்வார். ஆளே இல்லாதபோதும் மும்முரமாகக் கத்தி தீட்டுவார். அதற்கெல்லாம் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. என் ஒரு முகம் போனது அந்த மனுஷனை இப்படி வாட்டியிருக்கிறது! வருத்தமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். படித்தவன் நேரே போய்க் கேட்பானா? முதலில் சலூன்காரரிடம் போனேன்.

"உங்களுக்குக் கல்யாண வாழ்த்துப் பாடத் தெரியுமா?"

அவர் கத்தரியை நிறுத்திக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அது எங்க பக்கத்துல இல்லீங்களே. கிராமபோன் பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அதுக்குள்ள வந்துட்டா, பந்தல்ல கொண்டாந்து வெச்சுடறேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து காப்பிக் கிளப் முதலாளி, "பெட்டி வெச்சீங்கன்னா காப்பி நம்முளுதா இருக்கட்டும்" என்றார். இந்த மாதிரி ஆட்களை நம்பி ஒரு தெருவில் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, "நானே பாடிவிட்டால் என்ன? எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்" என்றேன். எனக்குச் செய்யுள் என்றால் பயமில்லை, கட்டுக்கட்டாகப் படித்தவன்.

மச்சான் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "செய்யுங்க மாப்ளே. அப்படியே மாப்பிள்ளைக்குச் சவரமும் நீங்களே பண்ணி உட்டுருங்க. காரியம் முழுசா இருக்கட்டும்."

என் பெண் உள்ளே சிரித்தாள். பிறகு அது அழுகைபோல் கேட்டது. அதோடு என் கவித்துவம் அடங்கியது.

மறுநாள் காலை வேப்ப மரத்தடிக்குப் போய்த் தட்டைக் கல்லில் குந்தினேன். அமுங்காத கல். உயராத கல்.

குடிமகன் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க சாமி இந்தப் பக்கம்? சலூன் பூட்டிக் கெடக்குதுங்களா?"

குத்தல்! வாங்கிக்கொண்டேன். "இல்லே, தெறந்துதான் இருக்குது. எனக்குத்தான் அங்க மனசு ஒப்பலே."

"நல்ல நாற்காலின்னு சொன்னாங்களே."

"நாற்காலி கிடக்கட்டும். கை வேணுமில்ல, கை!"

அவர் எனக்குப் பின்னால் வந்த இருவருக்கு முதலில் சவரம் செய்தார். தண்டனை என்று நினைத்து வெயிலில் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பெருமூச்சு விட்டு, கத்திகள் வைக்கும் அடைப்பப் பையிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தார். இருப்பதிலேயே பழைய கத்தி என்பது தாடையில் பட்டதுமே தெரிந்தது. கன்னத்தில் ஒரு கீறல், மோவாயில் ஒரு கீறல். இது கோபம், ஆறட்டும் என்று புன்னகை செய்தேன். புன்னகை செய்ததால் இன்னொரு கீறல்.

"ஊட்டுல விசேஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"கேள்விப்பட்டனுங்க." மூக்கைப் பிடித்துத் திருப்பினார்.

"அம்மணிக்குக் கல்யாணம். நீங்க வந்து..."

"பேசாதீங்க சாமி, கத்தி கழுத்துல இருக்குது."

கழுத்தில் கத்தி இருக்கும்போது கெஞ்சுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கழுத்து முடிந்ததும் படிகாரத்தைத் தேய்த்தார். எரிச்சலில் கேட்க வந்தது மறந்துபோயிற்று. கண்ணைத் திறந்தபோது அவர் அடைப்பத்தைச் சுருட்டிக்கொண்டு பாதி வழி போயிருந்தார்.

அதிலிருந்து கல்யாணம் வரையில் அந்தக் கல்தான் எனக்குக் கதி. ஒரே ஒரு தடவைகூட முழு வாக்கியம் பேச முடியவில்லை. முகம் மட்டும் நாளுக்கு நாள் வரிவரியாகிக்கொண்டு வந்தது. நான் காரை முள்ளுக்குள் விழுந்துவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு இருந்தது, மறுக்காமல் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் சலூன்காரர் கோபித்துக்கொண்டார். இது நிஜக் கோபம். பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்ததும் நாற்காலியை வேண்டுமென்றே ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்டுவார், வெறும் நாற்காலியை. பொதுச் சுவர்க்காரர்கள் அல்லவா, காப்பிக் கிளப்பிலும் எனக்கு மரியாதை போய்விட்டது. எனக்கு மட்டும் காப்பியின் அடிமண்டி. இட்லி கேட்டால், "ஆயிப்போச்சுங்களே" என்று முதலாளி என் கண்ணெதிரே அடுத்த மேஜைக்கு ஒரு ஈடு இட்லியைக் கொட்டுவார். ஒருவரைச் சமாதானப்படுத்தப் போய், நாற்காலி, பத்திரிகை, காப்பி, இட்லி, சொந்தத் தோல் அத்தனையும் பறிகொடுத்தேன். குடிமகன் பாட வருவார் என்ற உத்தரவாதம் மட்டும் கிடைத்தபாடில்லை.

கல்யாணத்தன்று காலை பந்தலில் எல்லாரும் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி பெண்ணுக்குப் பின்னால் நின்று, மாலையைச் சரிசெய்கிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் என் காதருகில், "மாப்ளே, மனப்பாடம் ஆயிருச்சா?" என்றார். அந்த நேரத்தில் அவரை நான் ஒன்றும் செய்யாததற்குக் காரணம், அவர் என் மனைவிக்கு அண்ணன் என்பது மட்டுமே.

குடிமகன் வந்தார். வெளுத்த வேட்டி, தலையில் புதுத் துண்டு. யாரும் போய் அழைக்கவில்லை. அவர்பாட்டுக்கு வந்து, மணமக்கள் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சுருக்கவில்லை, விழுங்கவில்லை. மேளம் தட்டி ஓய்கிற ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக மூச்சு வாங்கி, அடுத்ததை எடுத்தார். சம்பந்தி கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பாதிக்கு மேல் தலையாட்டத் தொடங்கினார். என் பெண் குனிந்த தலை நிமிராமல் இருந்தாலும் தோள் தளர்ந்துவிட்டது தெரிந்தது. பந்தியில் சம்பந்தி இரண்டாம் தடவையும் பாயசம் வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. கண்ணீர் கன்னத்துக் கீறல்களில் இறங்கி எரிந்தது.

மறுநாள் குடிமகன் சாப்பிட வந்திருந்தார். இலையிலிருந்து எழுந்து கை கழுவி வெற்றிலை போடும்வரை காத்திருந்து, நெஞ்சில் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். மச்சானும் என் மனைவியும் இருந்தார்கள்.

"எம்மேல இருந்த வருத்தத்தை எல்லாம் மறந்து வந்து, என் மானத்தைக் காப்பாத்துனீங்க. இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?"

அவர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். "வருத்தமுங்களா? எதுக்குங்க?"

"நான் உங்களை விட்டுப்போட்டுச் சலூனுக்குப் போனதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார்.

"அம்மணிக்கு மொதல் முடி எறக்குனவன் நானு. அதுக்குக் கண்ணாலம்னா நான் வராம இருப்பனுங்களா? அதுக்கும் சலூனுக்கும் என்னங்க?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொன்னாக் கோவிச்சுக்காதீங்க சாமி. உங்க தாடி தேங்கா நாருங்க. ஒருக்காச் செரைச்சா ஒரு நாளுப் பூரா கத்தி தீட்டோணும். நீங்க அக்கட்டப் போனப்பறந்தான் நான் நிம்மதியா இருந்தனுங்க. மறுபடி எப்பங்க சலூனுக்குப் போவீங்க?" என்றார்.